பூட்டியவர் கடன்

தமிழில் 'கடன்' என்னும் சொல் இரண்டு பொருளைத் தாங்கி நிற்கின்றது. ஆற்ற வேண்டிய கடமையும் கடன். திருப்பித் தர வேண்டிய பணமும் கடன். பெற்றோர்க்குப் பிள்ளை செய்வதும் கடன்தான். மளிகைக்கடைக்காரரின் நோட்டில் ஏறியிருப்பதும் கடன்தான். வேறு சொல் அகப்படாமல் நம் முன்னோர் இவ்விரண்டுக்கும் ஒன்றையே வைத்துக்கொண்டார்கள் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை. கடமை என்று ஒன்று இருக்குமானால் அதற்குக் கடனாளி ஒருவன் இருந்தே தீர வேண்டும். பெயர் குறிக்கப்படாத கடனாளியின் கடன் ஒருநாளும் வசூலாவதில்லை. அந்தச் சொல்லே இதை நமக்குச் சொல்லித் தருவதாக நான் கொள்கின்றேன்.

இந்த இரட்டைப் பொருளைத் துணையாகக் கொண்டு ஒரு வினாவை ஆராய விரும்புகின்றேன். ஒருவனைப் பிடித்துச் சிறையில் அடைக்கின்றோம். அடைபட்ட நிலையில் அவன் நோயுறுகின்றான். அவனுக்கு மருத்துவம் பார்க்க வேண்டும் என்பதில் இன்று அறிவுடையோரிடையே கருத்து வேற்றுமை இல்லை. அந்த மருத்துவத்தின் செலவை ஏற்க வேண்டியவர் யார்?

இது கணக்கர்கள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய வினா அன்றோ, அறநூல் பயில்வோர்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நானும் கணக்கு எழுதிப் பிழைப்பவன்தான். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செலவுப் பட்டியல்களைப் பார்த்து வருகின்றேன். அங்கே நான் கண்ட உண்மை ஒன்றுண்டு. 'எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது?' என்ற கேள்விக்கு விடை கிடைக்காத கோப்பு, அதில் உள்ள கோரிக்கை எவ்வளவு நியாயமானதாயினும், இருந்த மேசையை விட்டு நகராது. எவரும் அதை மறுப்பதில்லை. எவரும் அதில் கையொப்பம் இடுவதும் இல்லை. கோரியவர் ஓய்வு பெற்றுப் போனபின் அது ஒருநாள் தானாகவே முடிந்து போகும். காகிதத்துக்கு நேரும் இக்கதி, காய்ச்சலில் கிடக்கும் மனிதனுக்கு நேர்ந்தால் என்னாகும் என்பதே என் கவலை.

இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்துள்ள நாடு அமெரிக்கா. நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்நாடு இன்று மகனோ மகளோ வாழும் இடம். ஆயினும் அங்குள்ள சிறைகளின் நிருவாகம் நமக்குப் பழக்கமற்றது என்பதால் சிறிது விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கின்றது. நம் நாட்டில் சிறை என்பது அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலில் அடங்கிய பொருள். ஆகவே கைதியின் சோறும் மருந்தும் மாநிலக் கருவூலத்தின் பொறுப்பு. நகராட்சிகளும் ஊராட்சிகளும் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அமெரிக்காவிலோ சிறை இரு வகைப்படும். நீண்ட தண்டனை பெற்றோர் மாநிலச் சிறைக்கோ மத்தியச் சிறைக்கோ செல்கின்றனர். கைதாகி விசாரணைக்குக் காத்திருப்போரும், பெரும்பாலும் ஓராண்டுக்கு உட்பட்ட சிறு தண்டனை பெற்றோரும் உள்ளூர்ச் சிறையில் இருக்கின்றனர். இந்த உள்ளூர்ச் சிறையைப் பெரும்பாலும் நடத்துவது 'கவுண்டி' என்னும் உள்ளாட்சி அமைப்பு. நாடு முழுவதும் ஏறத்தாழ 3,100 கவுண்டிகள் உள்ளன. அவற்றுட் சில நம் பெருநகரங்களுக்கு நிகரானவை. பல நம் தாலுகா அளவு மக்களைக்கூடக் கொண்டிராதவை. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஷெரீஃப் அங்கே பொதுவாகச் சிறைக்கு அதிகாரி. அவருடைய செலவுக்குப் பணம் பெரும்பாலும் வீட்டுவரியிலிருந்தும் விற்பனை வரியிலிருந்தும் வர வேண்டும். ஆறு மாநிலங்களில் மட்டும் உள்ளூர்ச் சிறைகளையும் மாநில அரசே நடத்துகின்றது.

2023ஆம் ஆண்டின் நடுவில் இவ்வுள்ளூர்ச் சிறைகளில் இருந்தோர் ஏறத்தாழ 6,64,000 பேர். அவர்களுள் பத்தில் ஏழு பேர் குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர்கள். இதைக் கண்டு நாம் பெருமூச்சு விட வேண்டியதில்லை. நம் நாட்டுச் சிறைகளில் 2022ஆம் ஆண்டின் இறுதியில் இருந்தோருள் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகளே. 'கைதி' என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றும் கொடியவனை ஒருபுறம் ஒதுக்கி வைத்துவிட்டு, குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாத ஒருவனை இக்கட்டுரை முழுவதும் எண்ணிப் பார்க்குமாறு அன்பர்களை வேண்டுகின்றேன்.

இனி ஒரு வழக்கு.

பாஸ்டன் நகருக்கு வடக்கே கடலோரமாக ரெவியர் என்றொரு சிறு நகரம் உண்டு. 1978 செப்டம்பர் 20ஆம் நாள், திருட்டு நடப்பதாக வந்த தகவலின்பேரில் அந்நகரப் போலீசார் ஓரிடத்துக்குச் சென்றனர். ஓடிய ஒருவனை நிற்கச் சொல்லியும் நில்லாததால் அதிகாரி ஒருவர் சுட்டார். காயமுற்றவனைப் போலீசார் ஏற்பாட்டில் ஆம்புலன்ஸ் வண்டி பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்குக் கொண்டு சென்றது. ஒன்பது நாள் சிகிச்சை நடந்தது. அவன் வெளியே வந்த பின்னரே கைதாணை அவனிடம் கொடுக்கப்பட்டது. இந்தச் சிறு விவரத்தை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்கு வருவேன்.

மருத்துவமனை ரெவியர் நகரப் போலீஸ் தலைவருக்கு 7,948 டாலர் 50 சென்ட்டுக்கு ஒரு பட்டியல் அனுப்பியது. 'இது எங்கள் பொறுப்பன்று' என்று பதில் வந்தது. அவன் மீண்டும் ஒருமுறை அதே மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற வேண்டியதாயிற்று. அதற்கான பட்டியல் 5,360 டாலர் 41 சென்ட். பணம் வராமையால் மருத்துவமனை 1979இல் வழக்குத் தொடுத்தது. மாநில உயர்நீதிமன்றம், கொடிய தண்டனையைத் தடுக்கும் அரசியலமைப்பு விதியின்படி நகரமே பொறுப்பு என்றது. நகரம் நாட்டின் உச்சநீதிமன்றத்துக்குச் சென்றது. ஐந்தாண்டுகளுக்கு முன் ஒருவன் உடலில் பாய்ந்த குண்டின் கணக்கு, 1983ஆம் ஆண்டு அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிபதிகள் முன் வந்து நின்றது.

அங்கே சொல்லப்பட்ட தீர்ப்பின் சாரம் இது. காயமுற்ற நிலையில் பிடிபட்டவனுக்கு மருத்துவம் கிடைக்கச் செய்வது அரசியலமைப்பு விதித்த கடமை. தண்டனை பெறாதவன் ஆதலின், உரிய நெறிமுறையின்றி உயிரையும் உரிமையையும் பறிக்கலாகாது என்னும் விதியின்கீழ் அது வரும். ரெவியர் நகரம் அவனை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றது. ஆகவே கடமை நிறைவேறிற்று. அதற்குமேல், செலவு நகரத்தைச் சேருமா, மருத்துவமனையைச் சேருமா என்பதை அந்தந்த மாநிலச் சட்டம் தீர்மானித்துக்கொள்ளட்டும். அரசியலமைப்பு அதில் தலையிடாது. பணம் கொடுத்தாலன்றி மருத்துவம் கிடைக்காது என்ற நிலை ஏற்படின் அப்போது அரசு கொடுத்தே ஆக வேண்டும் என்றும் நீதிமன்றம் சொல்லாமல் விடவில்லை.

சட்ட நுணுக்கம் என்ற அளவில் இத்தீர்ப்பு செம்மையானது என்றே எனக்குத் தோன்றுகின்றது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டம் ஒவ்வொரு மருத்துவமனைப் பட்டியலையும் பிரித்து எழுதிக்கொண்டிருக்க இயலாது. ஆயினும் நம் சொல்லில் இருந்த இரு பொருளும் அன்றைக்கு அங்கே இரண்டாகப் பிளக்கப்பட்டன. கடமை என்ற கடன் உண்டு என்றாயிற்று. பணம் என்ற கடன் யாருடையது என்பது திறந்தே விடப்பட்டது.

இதற்கு ஏழாண்டுகளுக்கு முன்னர், 1976இல், அதே நீதிமன்றம் எஸ்டெல் எதிர் கேம்பிள் என்னும் டெக்சாஸ் வழக்கில், சிறைப்பட்டவனின் கடும் மருத்துவத் தேவையைத் தெரிந்தே அலட்சியம் செய்வது அரசியலமைப்பு தடுத்துள்ள கொடுமை என்று கூறியிருந்தது. 1973இல் வண்டியிலிருந்து பருத்திப் பொதிகளை இறக்கும்போது ஒரு பொதி தன்மீது விழுந்து முதுகில் அடிபட்ட கைதி தொடுத்த வழக்கு அது. அவர் மூன்று மாதங்களில் பதினேழு முறை மருத்துவப் பணியாளர்களால் பார்க்கப்பட்டிருந்தார் என்ற காரணத்தால் மருத்துவருக்கு எதிரான அவருடைய கோரிக்கை தள்ளப்பட்டது. கொள்கை வென்றது, கொள்கையைக் கொண்டுவந்தவர் தோற்றார். சட்ட வரலாற்றில் இப்படியும் நேர்வதுண்டு.

இக்கொள்கையின் அடியில் உள்ள நியாயம் எளியது. சங்கத்து நூலகத்தில் மூத்த நண்பர் ஒருவரிடம் இப்பொருள் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "ஏன் சார், வெளியே நேர்மையாக உழைக்கிற ஏழைக்கு மருந்து வாங்கக் காசில்லை. திருடிவிட்டு உள்ளே போனவனுக்கு மட்டும் இலவச மருத்துவமா?" இது புறக்கணிக்கத்தக்க கேள்வி அன்று. அமெரிக்க வாக்காளரும் ஷெரீஃப்களை இதையேதான் கேட்கின்றனர். வெளியே உள்ள ஏழைக்கும் மருத்துவம் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இருவர் நிலையும் ஒன்றன்று. வெளியே உள்ளவன் மருத்துவரைத் தேடி நடக்கலாம். அண்டை வீட்டாரிடம் கைம்மாற்று வாங்கலாம். இந்த மருத்துவர் சரியில்லை என்று வேறொருவரிடம் போகலாம். ஒன்றும் இயலாவிட்டால் தெருவில் நின்று கூவி அழைக்கவாவது செய்யலாம். உள்ளே உள்ளவனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. கஷாயம் வைத்துக் கொடுக்க மனைவி இல்லை. நெற்றியில் பற்றுப்போடத் தாய் இல்லை. அந்த வழிகள் எல்லாவற்றையும் அடைத்தது அவன் அன்று, கதவைப் பூட்டியவர். ஒருவனுடைய தற்காப்பு முழுவதையும் நம் கையில் எடுத்துக்கொண்டோமானால், அதனோடு அதன் சுமையையும் எடுத்துக்கொண்டோம் என்பதே பொருள். இது தர்மம் போடுவதாகாது. எடுத்துக்கொண்டதற்கு ஈடு கொடுப்பதாகும்.

மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய கதை நாம் அனைவரும் பள்ளியில் படித்தது. பசித்திருந்த சிறையாளர்க்கு அவள் அமுதசுரபியிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுத்தாள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் ஆதலால் செலவு யாருடையது என்று அங்கே எவரும் கேட்கவில்லை; சோழன் அவையில் கணக்கெழுதுவோர்க்கு அதனால் வேலையும் இல்லை. காப்பியத்துக்கு அது அழகு. நமக்கு வாய்த்துள்ள பாத்திரங்கள் அனைத்தும் அடி தெரிகின்ற பாத்திரங்கள். ஆகவே யாருடைய பாத்திரம் என்று கேட்டே ஆக வேண்டியிருக்கின்றது.

இக்கேள்வியை முதன்முதலில் விடாப்பிடியாகக் கேட்டவர் ஜான் ஹவர்டு என்னும் ஆங்கிலேயர். அமெரிக்கக் கவுண்டியும் ஷெரீஃபும் அவர் நாட்டிலிருந்து சென்றவையே என்பதால் அவருடைய வரலாறு இங்குப் பொருந்தும். 1773இல் அவர் பெட்ஃபோர்டுஷயர் கவுண்டியின் ஷெரீஃப் ஆனார். அப்பதவி பலருக்கு வெறும் அலங்காரம். அவரோ சிறைக்குள் நுழைந்து பார்த்தார். சிறைக்காவலருக்குச் சம்பளம் கிடையாது. கைதிகளிடம் வாங்கும் கட்டணமே அவர் பிழைப்பு. உள்ளே போகக் கட்டணம், வெளியே வரவும் கட்டணம். குற்றமற்றவர் என்று தீர்ப்பான பின்னும் அக்கட்டணத்தைச் செலுத்த வழியின்றிப் பலர் உள்ளேயே கிடந்தனர். கட்டணத்துக்குப் பதிலாகக் காவலருக்குச் சம்பளம் கொடுங்கள் என்று அவர் கவுண்டியின் நீதிபதிகளைக் கேட்டார். அவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். கவுண்டியின் வரிப்பணத்தில் இச்செலவை எழுதுவதற்கு முன்னுதாரணம் உண்டா என்று மட்டும் கேட்டார்கள். (அலுவலகத்தில் இருப்போர்க்கு இக்கேள்வியைக் கேட்டதும் புன்னகை வரும்.) முன்னுதாரணம் தேடி ஹவர்டு குதிரைமீதேறிப் பக்கத்துக் கவுண்டிகளுக்குப் போனார். கிடைத்தது முன்னுதாரணம் அன்று. எங்கும் அதே அநீதி.

அந்தப் பயணம் அவர் ஆயுள் முழுவதும் நீண்டது. அவர் சாட்சியம் சொன்னபின், 1774இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்கள் இயற்றிற்று. ஒன்று, விடுதலையானோர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை, அதைக் கவுண்டியே தரும் என்றது. மற்றொன்று சிறைவாசிகளின் உடல்நலம் பற்றியது. சுவர்களுக்கு ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், நோயாளிகளுக்குத் தனி அறை வேண்டும், மருத்துவர் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்த வேண்டும் என்றது. சிறைக் காய்ச்சல் என்று அன்று பெயர் பெற்றிருந்த நோய், தூக்குக் கயிற்றைவிட மிகுதியான உயிர்களைக் கொண்டுபோனது என்று ஹவர்டு கருதினார். அக்காய்ச்சல் சிறைச்சுவரோடு நிற்பதில்லை. கூண்டில் நிறுத்தப்பட்ட கைதியிடமிருந்து நீதிபதிக்கும் தொற்றியதுண்டு. நாடாளுமன்றத்தை அசைத்தது இரக்கமா, அச்சமா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஹவர்டு 1790இல் கருங்கடற்பகுதியில் உள்ள கெர்சன் நகரில் காய்ச்சல் கண்டு இறந்தார்.

இருநூற்றைம்பது ஆண்டுகள் சென்றபின் அமெரிக்கக் கவுண்டிகள் எவ்வாறு செலவை ஏற்கின்றன என்று பார்த்தால், ஹவர்டு கண்ட பழைய காட்சிகளுள் சில புதிய உடையில் தென்படுகின்றன. உள்ளூர்ச் சிறையில் வைத்தியரைப் பார்க்க விரும்பும் கைதியிடம் கட்டணம் வாங்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இரண்டு டாலர், ஐந்து டாலர் என்று தொகை சிறியதுதான். ஆனால் மாநிலச் சிறையில் வேலை செய்யும் கைதிக்கு ஒரு மணி நேரக் கூலி பெரும்பாலும் ஒரு டாலரைத் தொடுவதில்லை; டெக்சாஸில் கூலியே இல்லை. அந்த டெக்சாஸில் 2011 முதல் மருத்துவம் நாடும் கைதிக்கு ஆண்டுக்கு 100 டாலர் கட்டணம் என்றிருந்து, 2019இல் அது ஒரு தடவைக்கு 13 டாலர் 55 சென்ட் என மாற்றப்பட்டது. கட்டணம் வைத்தால் வீணாக வருவோர் குறைவர் என்பது இதற்குக் கூறப்படும் நியாயம். வீணாக வருவோர் குறைவது உண்மைதான். வரவேண்டியவரும் குறைவர் என்பதும் உண்மை. கலிபோர்னியா 2019இல் தன் மாநிலச் சிறைகளில் இக்கட்டணத்தை நிறுத்தி, கவுண்டிச் சிறைகளிலும் வாங்கலாகாது என்று சட்டம் செய்தது. இலினாய் மாநிலமும் தன் சிறைகளில் அதை நீக்கிற்று.

சில கவுண்டிகள் மருத்துவத்தைத் தனியார் நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடுகின்றன. இத்தனை பேருக்கு இவ்வளவு என்று தொகை பேசிவிட்டால் கவுண்டியின் வரவு செலவுத் திட்டத்துக்கு நிம்மதி. ஆனால் கொடுக்காத மருந்தெல்லாம் ஆதாயம் என்ற நிலை குத்தகைக்காரருக்கு வந்துவிடுகின்றது. இத்துறையில் பெரியவையாக இருந்த நிறுவனங்களுள் கொரைசானிலிருந்து பிரிந்த ஒன்று 2023இலும், வெல்பாத் 2024இலும் திவால் மனு கொடுத்தன. கடன்காரர்களின் வரிசையில், சரியான சிகிச்சை கிடைக்கவில்லை என்று வழக்குத் தொடுத்திருந்த கைதிகளும் நிற்க வேண்டியதாயிற்று. கடமையைக் குத்தகைக்கு விட்டாலும் பொறுப்பு நீங்காது என்பதே என் துணிபு. ஒப்பந்த மருத்துவரும் அரசின் கையாகவே செயல்படுகின்றார் என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1988இலேயே கூறியிருக்கின்றது.

புளோரிடா மாநிலத்தின் சட்டம் இன்னும் சுவையானது. கைதாகும்போது நோயுற்றோ காயமுற்றோ இருப்பவனின் மருத்துவச் செலவுக்கு முதற்பொறுப்பு அவனே. அவனுடைய காப்பீட்டையும் அவனையும் கேட்டுக் கிடைக்காவிட்டால்தான் உள்ளாட்சியின் பணம். அப்போதும், அவன் மீறியது மாநிலச் சட்டமானால் கவுண்டி கொடுக்கும். நகராட்சி விதியானால் நகராட்சி கொடுக்கும். கால் முறிந்தவனுக்கு வலி ஒன்றுதான். அவன் எந்தச் சட்டத்தை மீறினான் என்பதைப் பொறுத்துக் கட்டுப்போடும் பணம் வேறொரு பெட்டியிலிருந்து வருகின்றது.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட ஆழ்ந்து நோக்கத்தக்கது 1965ஆம் ஆண்டின் ஒரு வாசகம். அவ்வாண்டு ஏழைகளுக்காக மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து செலவிடும் மெடிக்கெய்ட் என்னும் மருத்துவ உதவித் திட்டம் ஏற்பட்டது. பொது நிறுவனம் ஒன்றில் அடைபட்டிருப்போர்க்கு மத்திய அரசின் பங்கு கிடையாது என்று அச்சட்டத்தில் எழுதப்பட்டது. வெளி மருத்துவமனையில் உள்நோயாளியாக இருக்கும் காலத்துக்கு மட்டும் விலக்கு. தண்டனை பெற்றவர், விசாரணைக்குக் காத்திருப்பவர் என்ற வேறுபாடு அவ்வாசகத்தில் இல்லை. திங்கட்கிழமை வரை அத்திட்டத்தில் மருந்து வாங்கிய நீரிழிவு நோயாளி, செவ்வாய்க்கிழமை கைதானால் அந்த உதவியை இழக்கின்றார். புதன்கிழமை முதல் அவருடைய இன்சுலின் கவுண்டியின் வீட்டுவரியில் வர வேண்டும். அவர் குற்றவாளி என்று எவரும் சொல்லவில்லை. ஜாமீன் கட்டப் பணமில்லை என்பது மட்டுமே மெய்ப்பிக்கப்பட்டது.

இதன் விளைவைச் சிந்தியுங்கள். சிறைக்குள் புண்ணுக்கு மருந்திட்டு ஆற்றினால் முழுச் செலவும் கவுண்டியைச் சேரும். புண் முற்றி, வெளி மருத்துவமனையில் ஒருநாளைக்கு மேல் படுக்க நேர்ந்தால், தகுதியுள்ளவர்க்கு மத்திய அரசின் பங்கு வந்துவிடும். எந்த ஷெரீஃபும் இதை எண்ணிப் புண்ணை முற்ற விடுகின்றார் என்று நான் குற்றம் சாட்டவில்லை. ஆயினும் நோயைத் தொடக்கத்தில் தீர்ப்பவனுக்குச் செலவும், முற்றிய பின் அனுப்புபவனுக்குச் சேமிப்பும் வருமாறு கணக்கை அமைத்தவர்கள், மனிதனுடைய நல்லெண்ணத்தின்மீது அளவுக்கு மீறிய நம்பிக்கை வைத்தவர்களே.

செலவிலிருந்து தப்ப இன்னும் எளிய வழி ஒன்றுண்டு. 2019இல் அலபாமா மாநிலத்தில் ஷெரீஃப்கள் சிலர், நோய் கடுமையாகிய கைதிகளை மருத்துவமனைக்குப் போகும் தறுவாயில் ஜாமீனில் விடுவித்துவிடும் வழக்கத்தைச் செய்தியாளர் வெளிப்படுத்தினர். அதற்கு 'மருத்துவ ஜாமீன்' என்று ஒரு பெயரும் உண்டு. மயங்கிக் கிடக்கும் நிலையில் கிடைத்த விடுதலையை அவர் அறிந்தாரோ இல்லையோ, பட்டியல் அவர் பெயருக்கு மாறிவிடும். பிழைத்து எழுந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளலாம். ரெவியர் வழக்கில் கைதாணை எப்போது கொடுக்கப்பட்டது என்பதை நினைவில் வைக்கச் சொன்னேனே, அதை இப்போது எண்ணிப் பாருங்கள். அங்கே உள்நோக்கம் இருந்ததென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் காவல் என்பது பட்டியல் வரும்போது கழற்றி, உடல் தேறியதும் மாட்டிக்கொள்ளும் சட்டையாகிவிட்டால், அது சட்டத்தின் காவலாக இராது.

பொறுப்பு தட்டிக் கழிக்கப்படுவதன் சுவை, ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்குப் புதிதன்று. 'உங்கள் அட்டை அந்த மாநிலத்தது, இங்கே செல்லாது' என்ற சொல்லை ஒருமுறையேனும் கேளாத குடும்பம் நம்மிடையே உண்டா? நமக்காவது அடுத்த வரிசையில் போய் நிற்கக் கால்கள் இருந்தன.

பூட்டியவரே கடனாளி என்று சொன்னேன். ஆனால் பூட்டியவர் யார்? இங்கேதான் சிக்கல். கவுண்டியின் கையில் சாவி இருக்கின்றது. எனினும் குற்றம் இன்னது என்று வரையறுத்தது மாநிலச் சட்டமன்றம். வழக்குத் தொடுக்கப்படுவது மாநிலத்தின் பெயரால், அல்லது மாநில மக்களின் பெயரால். காவலில் வைக்கக் கட்டளையிடுபவர் மாநிலச் சட்டத்தின்படி அமர்ந்துள்ள நீதிபதி. இத்தனை பேர் சேர்ந்து பூட்டிய பூட்டுக்கு, சாவியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் சிறிய கவுண்டியை மட்டும் கடனாளி ஆக்குவது நேர்மை ஆகாது. பத்தாயிரம் பேர் வாழும் கவுண்டியில் சிறுநீரகம் பழுதான ஒரு கைதி வந்துவிட்டால், அவ்வாண்டு பாதை செப்பனிடும் பணத்துக்கு ஆபத்து. அப்போது ஊரார் கோபம் பூட்டச் சொன்னவர்கள்மீது பாய்வதில்லை, நோயாளியின்மீதே பாய்கின்றது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலிமையானதும்கூட. செலவு உள்ளூரின் தலையில் விழுந்தால்தான் உள்ளூர் யோசித்துக் கைது செய்யும். சிறு குற்றத்துக்கு ஒருவனை உள்ளே தள்ளினால் அவனுடைய இதயநோயும் நம் கணக்கில் ஏறும் என்ற அச்சம், பூட்டுவதற்கு ஒரு தடையாக இருக்கும். தொலைவில் உள்ள மத்திய அரசு எல்லாம் கொடுத்துவிடுமானால் அத்தடை போய்விடும் என்பர். எனக்கு இவ்வாதம் பிடித்தமானதே. தன் பணத்தைச் செலவிடுபவனுக்கு உள்ள நிதானம் பிறர் பணத்தைச் செலவிடுபவனுக்கு இராது என்பதை நான் தொழில் முறையில் அறிந்தவன். ஆனால் அலபாமாவில் கண்டது வேறு. செலவு பற்றிய அச்சம் கைதுக்கு முன்னால் வந்து நிற்கவில்லை. நோய்க்குப் பின்னால் வந்து நின்றது. மேலும், விசாரணைக் கைதிக்கு மெடிக்கெய்ட் தொடர வேண்டும் என்போர் புதிய சலுகை எதையும் கேட்கவில்லை. நேற்றுவரை அவருக்கு இருந்ததை, தீர்ப்புக்கு முன் பறிக்காதே என்கின்றனர். கவுண்டி தன் பங்கை ஏற்கட்டும். பூட்டில் கைவைத்த மற்றவர்களும் தத்தம் பங்கை ஏற்கட்டும் என்பதே என் கருத்து.

நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு மூலையில் இக்கொள்கை பளிச்சென்று எழுதப்பட்டிருக்கின்றது. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி, கடன் திருப்பாதவனைச் சிவில் சிறையில் வைக்க விரும்பும் கடன் கொடுத்தவர், அவனுடைய சாப்பாட்டுப் பணத்தை நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் கைதி விடுதலை. அந்தச் சாப்பாட்டுச் செலவு வழக்குச் செலவோடு சேரும். ஆனால் அத்தொகைக்காக அவனைச் சிறையில் நிறுத்தி வைக்கலாகாது. ஹவர்டு பெட்ஃபோர்டில் கேட்டது இதைத்தான். அவன் கடும் நோயுற்றால் நீதிமன்றம் அவனை விடுவிக்கலாம் என்றும் அதே சட்டம் கூறுகின்றது. கடன்காரனைப் பூட்டச் சொல்பவன் முன்பணம் கட்ட வேண்டும் என்ற தெளிவு, குற்றவியல் சிறைகளைப் பற்றி அரசுகள் தமக்குள் பேசும்போது எங்கே போய்விடுகின்றது என்று எனக்கு விளங்கவில்லை.

ரெவியர் தீர்ப்புக்கு நேர்மாறான விடையை நம் உச்சநீதிமன்றம் 1996இல் தந்தது. 1992இல் வங்காளத்தில் இரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளர் ஒருவரை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கை இல்லை, கருவி இல்லை என்று திருப்பி அனுப்பின. கல்கத்தாவில் தனியார் மருத்துவமனையில் ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவழித்து அவர் பிழைத்தார். அவர் கைதி அல்லர். ஆயினும் உயிர் காக்கும் மருத்துவத்தைத் தருவது அரசின் கடமை, பணமில்லை என்று சொல்லி அதிலிருந்து விலக முடியாது என்று நீதிமன்றம் கூறி, மாநில அரசு 25,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ஆணையிட்டது. கடமையையும் கடனாளியையும் ஒரே மூச்சில் சொன்ன தீர்ப்பு அது. நம் சிறை மருத்துவமனைகளில் அது எவ்வளவு தூரம் நுழைந்திருக்கின்றது என்பது வேறு கதை. மருத்துவர் பணியிடம் காலியாகக் கிடக்கும்போது, கடனாளி யார் என்று தெரிந்திருந்தும் வசூல் ஆவதில்லை.

அமெரிக்காவில் இப்போது மெல்ல ஒரு மாற்றம் தொடங்கியிருக்கின்றது. 2023 ஜனவரியில் கலிபோர்னியா மாநிலத்துக்கு, விடுதலைக்கு முந்திய 90 நாள்களில் சில மருத்துவச் சேவைகளை மெடிக்கெய்ட் பணத்தில் தர முதன்முதலாக அனுமதி கிடைத்தது. வேறு மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 2022 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம், தீர்ப்பு வழங்கப்பட்ட இளையோர்க்கு விடுதலைக்கு முந்திய 30 நாள்களில் பரிசோதனைகள் நடத்த வேண்டும் என்று 2025 ஜனவரி 1 முதல் விதித்தது. விசாரணைக்குக் காத்திருக்கும் இளையோர்க்கும் உதவி தர விரும்பும் மாநிலம் தரலாம் என்றும் அதில் இடமுண்டு. வெளியே போகப் போகின்றவனுக்கு முதலில் மருந்து. இன்னும் தீர்ப்பாகாமல் உள்ளே இருக்கின்ற வயதுவந்தவனுக்கு, 1965ஆம் ஆண்டின் வாசகம் அப்படியே இருக்கின்றது.